மேரினர்ஸ் ரசிகராக ஒரு முழு சீசனைக் கடப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அவற்றில் 29 அணிகள் ஒரு முறையாவது வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் ஆடியிருக்கின்றன. மிச்சமுள்ள ஒரே அணி சியாட்டில் மேரினர்ஸ். 1977-இல் ஆரம்பித்து 2025 வரை 49 சீசன் ஆடியாகிவிட்டது. கோப்பையை விடுங்கள், அந்தத் தொடருக்குள் நுழையவே இல்லை. நான் இவர்களுடைய ரசிகன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

சியாட்டில் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வருகிற தமிழர்கள் கோடையில் எப்படியும் ஒரு தடவை, ஆபீஸ் நண்பர்களோடு, இவர்களுடைய மேட்சுக்குப் போய்விடுவார்கள். பாதிப் பேர் பூண்டு போட்ட உருளை வறுவலைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவதிலேயே கிளம்பிவிடுவார்கள். மீதியில் சிலருக்கு ஏதோ ஒட்டிக்கொள்ளும். அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் அவர்கள்தான், அவர்களுக்காகத்தான் இது. ஊரில் இருந்துகொண்டே பின்தொடர நினைப்பவர்களும் படிக்கலாம். உண்மையில் அவர்களுக்குத்தான் நேரம் தோதாக அமையும், அதை நான்காவது படியில் சொல்கிறேன்.

படி 1: எதிர்பார்ப்பை அளந்து வையுங்கள்

ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, வாரத்துக்கு ஆறு நாளாவது மேட்ச் இருக்கும். இந்த எண்ணிக்கையை மனதில் வாங்காதவர்கள் மே மாதத்துக்குள் களைத்துப்போவார்கள். நல்ல அணிகூட அறுபது, எழுபது ஆட்டம் தோற்கும். 2025-இல் மேரினர்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள், 2001-க்குப் பிறகு முதல் முறையாக. அந்த வருடமும் 72 தோல்வி. பேஸ்பால்காரர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு: யாராக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஜெயிப்பீர்கள், மூன்றில் ஒரு பங்கு தோற்பீர்கள், மீதி ஒரு பங்கில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் சீசன்.

அதனால் ஒரு தனி ஆட்டத்துக்காகக் கோபப்படாதீர்கள். அட்டவணையே மூன்று மூன்று ஆட்டங்களாகத்தான் இருக்கும். ஒரே எதிரணியோடு அடுத்தடுத்த நாட்களில் ஆடுவார்கள். மூன்றில் இரண்டு ஜெயித்தால் அந்த வாரம் நல்ல வாரம். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பினாலும் ஆபத்து. 2023 சீசன் முடிந்ததும் அணியின் பேஸ்பால் தலைவர் ஜெரி டிபோட்டோ, பத்து வருடம் தொடர்ந்து 54 சதவீதம் ஜெயித்துக்கொண்டே வந்தால் வேர்ல்ட் சீரிஸ் தானாக வாய்க்கும் என்கிற ரீதியில் நிருபர்களிடம் பேசினார். ஊரே கொதித்தது, அவரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். வேடிக்கை என்னவென்றால் அந்த வருடம் அணி ஜெயித்தது 88, தோற்றது 74. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், சரியாக 54 சதவீதம். சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் வேர்ல்ட் சீரிஸுக்காக மோதும் பிளேஆஃப் சுற்றுக்கான வாய்ப்பு ஒரே ஒரு ஆட்டத்தில் போனது. அடுத்த வருடமும் ஒரே ஒரு ஆட்டத்தில் போனது. இன்றைக்கும் சியாட்டில் ரசிகர்கள் கூட்டத்தில் 54 என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை.

படி 2: பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு பேஸ்பாலில் வரும் முதல் புகார், ஒன்றுமே நடக்கவில்லை என்பது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமனாரை ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது இன்னிங்ஸ் வரை பொறுத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, எல்லாரும் சும்மா நிக்காங்க?"

"மாமா, பந்த விட்டுட்டு அந்த உக்காந்திருக்கவர பாருங்க."

"யாரு, விக்கெட் கீப்பரையா?"

கேட்சரைத்தான் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே ஆரம்பித்துவிட்டார்: "அவன் என்னத்தையோ பட்டன அமுக்குதான், அப்புறம்தான் இவன் எறியுதான்." பத்து பேஸ்பால் கட்டுரை படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதை மனிதர் அப்படியே பிடித்துவிட்டார். 2022 முதல் கேட்சர்கள் விரல் சாடைக்குப் பதிலாக ஒரு சின்ன மின்னணுக் கருவியில் பட்டனை அழுத்தி, என்ன பந்து எறிய வேண்டும் என்று சொல்கிறார்கள். பந்து எறிபவரான பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும்.

பார்க்க வேண்டியது எண்ணிக்கையை. பேட்டர் வீசித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலோ ஸ்ட்ரைக்; எட்டாத பந்தை விட்டால் அது பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். மூன்று பேஸையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டால் ஒரு ரன். இரண்டு ஸ்ட்ரைக், பூஜ்யம் பால் என்றால் பிட்சர் ராஜா. வெளியே எறிந்து ஆசை காட்டுவார். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் ராஜா. பிட்சர் நேராகத்தான் எறிந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பந்திலும் இந்த அதிகாரம் கை மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் ரன்னே வராத ஆட்டத்தில்கூட நகத்தைக் கடிப்பீர்கள். மேரினர்ஸுக்கு இது அவசியத் தகுதி, ஏனென்றால் ரன் வராத ஆட்டங்கள் நிறைய இருக்கும். கடலோரக் குளிர்காற்றில் பந்து தூரம் போகாது. சியாட்டில் மைதானம் லீக்கிலேயே ரன் எடுக்கச் சிரமமான இடங்களில் ஒன்று. லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கர்பி, பிரையன் வூ என்று இவர்களிடம் எப்போதும் நல்ல பிட்சர்கள் இருப்பதும், பேட்டிங் எப்போதும் கவலைக்கிடமாக இருப்பதும் இப்படித்தான்.

கேட்சரைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம், கால் ராலி. கேட்சர் வேலை முழங்காலைத் தின்னும் வேலை. அதைச் செய்பவர்கள் நிறைய ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே, அடிப்பதில்லை. ஒரு சீசனில் கேட்சர் ஒருவர் அடித்த அதிகபட்சம் 48 ஆக இருந்தது. 2025-இல் ராலி 60 அடித்தார். அணியின் பழைய சாதனை கென் கிரிஃபி ஜூனியருடைய 56, அதுவும் போயிற்று. அந்த வருடத்து ஹோம் ரன் டெர்பி என்ற ஹோம் ரன் அடிக்கும் போட்டியில் அப்பா பந்து எறிய, தம்பி கேட்சராக உட்கார, ராலி அடித்து ஜெயித்தார். அவருடைய பட்டப்பெயர் அவரது பின்பக்கத்தின் அளவைப் பற்றியது. குழந்தைகள் அந்தப் பெயர் போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நேரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2023-இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 வினாடிக்குள் எறிய வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் இப்போது இரண்டரை மணி சுமாருக்கு வந்துவிட்டது.

படி 3: நான்கு வருடங்களை மனப்பாடம் செய்யுங்கள்

பழைய ரசிகர்களோடு உட்கார வேண்டுமென்றால் 1995, 2001, 2012, 2022 இந்த நான்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1995 தான் மூலக்கதை. அப்போது மேரினர்ஸ் கிங்டோம் என்ற கான்கிரீட் மூடு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். முந்தின வருடம் அதன் கூரையிலிருந்து ஓடுகள் பெயர்ந்து விழுந்து, மீதி ஆட்டங்களை வெளியூரிலேயே ஆட வேண்டியதாயிற்று. புது மைதானம் கட்ட வரி போடலாமா என்று செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு, மயிரிழையில் தோற்றது. அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பேச்சு நடந்த அதே மாதங்களில், ஆகஸ்டில் 13 ஆட்டம் பின்தங்கியிருந்த அணி ஓடி வந்து முதலிடத்தில் இருந்த ஏஞ்சல்ஸ் அணியைப் பிடித்து, கூடுதலாக ஆடிய ஒற்றை ஆட்டத்தில் 9-1 என்று ஜெயித்து பிளேஆஃபில் நுழைந்தது. அங்கே எதிரே நியூயார்க் யாங்கீஸ்.

அக்டோபர் 8. ஐந்தாவது, கடைசி ஆட்டம். 11-ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று பின்தங்கியிருக்கிறார்கள். மூன்றாவது பேஸில் ஜோயி கோரா, முதல் பேஸில் கிரிஃபி. எட்கர் மார்ட்டினெஸ் இடது பக்கக் கோட்டை ஒட்டி, இரண்டு பேஸ் ஓடக்கூடிய ஒரு டபுள் அடிக்கிறார். கோரா வந்துவிட்டார், சமம். கிரிஃபி முதல் பேஸிலிருந்து நிற்காமல் ஓடி வந்து சறுக்கி விழ, 6-5. மேலே குவிந்த ஆட்களுக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டே எட்டிப்பார்க்கும் அவர் முகம் சியாட்டிலில் எல்லோருக்கும் தெரிந்த படம். சில நாட்களிலேயே மாநில சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு மைதானத்துக்கு நிதி ஒதுக்கியது. இந்த ஊரில் "டபுள்" என்று மட்டும் சொன்னால் அது இதுதான். அதே தொடரில் அணியின் சின்னமான கடமான் வேடக்காரர், வண்டிக்குப் பின்னால் ஸ்கேட்டிங் செய்துகொண்டு போய் சுவரில் மோதிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். எந்த மகிழ்ச்சியும் முழுசாகக் கிடைக்காத அணி.

2001 விநோதமான வருடம். ராண்டி ஜான்சன் 1998-இல் போய்விட்டார், கிரிஃபி 2000-இல் போய்விட்டார், அலெக்ஸ் ரோட்ரிகஸ் 25 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு டெக்சாஸ் போய்விட்டார். மூன்று பெரிய ஆட்களும் போன பிறகு, ஜப்பானிலிருந்து இச்சிரோ வந்து சேர, அணி 116 ஆட்டம் ஜெயித்தது. 1906 சிகாகோ கப்ஸின் சாதனைக்குச் சமம். இச்சிரோ முதல் வருடத்திலேயே சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் இரண்டையும் வாங்கினார். பிறகு பிளேஆஃபில் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்றார்கள். அதே வருடம் ஆகஸ்டில் கிளீவ்லாந்துக்கு எதிராக 14-2 என்று முன்னிலையில் இருந்து 15-14 என்று தோற்ற ஆட்டமும் உண்டு. 116 வெற்றி பெற்ற அணி சரித்திரத்திலேயே மோசமான கோட்டைவிடல்களில் ஒன்றையும் அதே வருடத்தில் செய்து காட்டியது. எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு 21 வருடம் பிளேஆஃப் கிடையாது. நடுவில் கிடைத்த ஒரே வெளிச்சம் 2012 ஆகஸ்ட் 15: ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் தாம்பா பேவுக்கு எதிராக 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிய பெர்ஃபெக்ட் கேம். ஸ்கோர் 1-0. ஒரே ஒரு ரன்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். 15 வருடம் இந்த அணிக்கு உழைத்த ஃபெலிக்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட பந்து எறியாமலே முடித்துக்கொண்டார். அவர் பெயரைச் சொன்னால் பழைய ரசிகர்கள் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். அப்போது வேறு பேச்சு எடுக்காதீர்கள்.

2022 செப்டம்பர் 30. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். மாற்று ஆளாக வந்த அதே கால் ராலி ஒரு ஹோம் ரன் அடிக்க, 21 வருடம் முடிந்தது. இரண்டு வாரம் கழித்துச் சொந்த ஊரில் ஹூஸ்டனோடு ஆடிய பிளேஆஃப் ஆட்டம் 18 இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்கு மேல். 1-0. தோற்றது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படி 4: ரேடியோவுக்குப் பழகுங்கள்

162 ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் குடும்பம் இருக்காது. ரேடியோ இருந்தால் சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, கார் ஓட்டிக்கொண்டே ஆட்டத்தோடு இருக்கலாம். சியாட்டிலில் 710 ஏஎம். வெளியூர், வெளிநாடு என்றால் மேஜர் லீக்கின் செயலியில் வெறும் ஒலிக்கு மட்டும் தனிச் சந்தா உண்டு, வீடியோவைவிட மிகவும் மலிவு.

இந்த அணியின் ரேடியோ மரபு டேவ் நீஹவுஸ் என்ற மனிதரோடு தொடங்குகிறது. 1977-இல் முதல் ஆட்டம் முதல் 2010-இல் இறக்கும் வரை அவர்தான் குரல். அணி தோற்றுக்கொண்டே இருந்த காலத்தில் ஊர் மக்களுக்குப் பேஸ்பாலைப் பழக்கியது அவருடைய வர்ணனைதான் என்று இங்கே பலர் சொல்வார்கள். எது நடந்தாலும் "மை ஓ மை!" நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் விழுந்தால், பாட்டியைக் கூப்பிட்டு ரொட்டியும் கடுகு சாஸும் எடுத்து வரச் சொல்வார். மைதானத்தில் மைக்கின் முன் உட்கார்ந்திருக்கும் அவர் சிலை இருக்கிறது, பக்கத்தில் நீங்களும் உட்காரலாம்.

இப்போது ஊரில் இருப்பவர்களுக்கான சங்கதி. சியாட்டிலில் மாலை 6:40 ஆட்டம் என்றால் இந்தியாவில் மறுநாள் காலை 7:10. காபி குடிக்கும்போது முதல் பந்து, ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முடிவு. அணி நியூயார்க், பாஸ்டன் பக்கம் போகும் நாட்களில்தான் விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். அந்த நாட்களைத் தாராளமாக விட்டுவிடுங்கள். புதன், வியாழன் பகல் 1:10 ஆட்டங்கள் நம் ஊரில் நள்ளிரவு தாண்டி 1:40. அதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன், பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

படி 5: ஒரு முறை நேரில் போங்கள், ஒழுங்காகப் போங்கள்

மைதானத்தின் இன்றைய பெயர் டி-மொபைல் பார்க். 1999 ஜூலை 15-இல் வேறு பெயரில் திறந்தார்கள். திறப்பு விழா ஆட்டத்தில் சான் டியாகோவிடம் 3-2 என்று தோற்றார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காரில் போகாதீர்கள். லைட் ரெயிலில் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிட நடை. பார்க்கிங் கட்டணத்துக்கு இன்னொரு டிக்கெட்டே வாங்கலாம்.

இடம்: பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் முதல் பேஸ் பக்கம் மேல் தளம். ஆட்டம் முழுக்கத் தெரியும், எதிரே நகரத்தின் கட்டடங்களும் தெரியும். மாலை வெயில் கொஞ்ச நேரம் கண்ணில் அடிக்கும், தொப்பி கொண்டுபோங்கள். வார நாள் ஆட்டம், எதிரணி பிரபலமில்லாத அணி என்றால் விலை பாதியாகக்கூட இருக்கும். டொராண்டோ புளூ ஜேஸ் வரும் நாட்களை மட்டும் யோசித்து வாங்குங்கள். எல்லை தாண்டி வான்கூவர் பக்கத்திலிருந்து கனடாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, சொந்த மைதானத்தில் நம்மை விருந்தாளி ஆக்கிவிடுவார்கள்.

சீக்கிரம் போங்கள். கதவு திறந்ததும் மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டை ஒட்டி "தி பென்" என்ற பகுதிக்குப் போனால், பிட்சர்கள் தயாராவதைச் சில அடி தூரத்திலிருந்து பார்க்கலாம். டிவியில் மிதந்து வருகிற பந்து நேரில் சீறிக்கொண்டு போகும், கேட்சர் கையுறையில் வெடிக்கிற சத்தம் வயிற்றில் கேட்கும். என்னைக் கேட்டால் டிக்கெட் காசில் பாதி இதற்கே சரி.

கூரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மழை வந்தால் நகர்ந்து வந்து மூடும், ஆனால் பக்கவாட்டில் திறந்தேதான் இருக்கும். குடை பிடித்த மாதிரி. குளிர் உள்ளே வரும். ஏப்ரல், மே இரவு ஆட்டத்துக்கு "கூரைதான் இருக்கிறதே" என்று அரைக்கைச் சட்டையில் வரும் புதியவர்களை ஏழாவது இன்னிங்ஸில் அடையாளம் கண்டுகொள்ளலாம், 80 டாலர் கொடுத்து வாங்கிய புது அணி ஸ்வெட்டரில் இருப்பார்கள். திறந்திருக்கும்போது கூரை கிழக்குப் பக்கம் ரயில் பாதைக்கு மேல் போய் நிற்கும். பக்கத்திலேயே சரக்கு ரயில்கள் ஊதிக்கொண்டு போகும்; முக்கியமான பந்துக்குச் சரியாக ஊதும்.

சாப்பாடு: வெளியிலிருந்து கொண்டுபோக அனுமதி உண்டு, ஆளுக்கு அளவாக எடுத்துப்போனால் சரி. நாங்கள் புளியோதரை கொண்டுபோவோம். முன் வரிசை வெள்ளைக்கார அம்மா ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஒரு கரண்டி கொடுத்ததும் திரும்புவதை நிறுத்திவிட்டார். உள்ளே வாங்குவதென்றால் பூண்டு வறுவலைத் தாண்டி இங்கே பேர் போனது வறுத்த வெட்டுக்கிளி. விளையாட்டாகச் சொல்லவில்லை. மிளகாய், எலுமிச்சை உப்பு போட்டு மெக்சிகோ பாணியில் வறுத்தது, 2017 முதல் விற்கிறார்கள். கூட்டம் அலைமோதியதால் ஒரு ஆட்டத்துக்கு 312 கோப்பை என்று வரம்பு வைத்தார்கள். ஏன் 312? எட்கர் மார்ட்டினெஸின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .312. பத்தில் ஏழு தடவை அவுட் ஆனவரைக் கொண்டாடும் ஆட்டம் இது என்பதை அந்த வெட்டுக்கிளிக் கணக்கே சொல்லிவிடும்.

அப்புறம் சால்மன் ஓட்டப்பந்தயம். இடைவேளையில் நான்கு பேர் மீன் வேடம் போட்டு ஓடுவார்கள்: கிங், சில்வர், சாக்கை, ஹம்பி. ஹம்பி ஜெயிக்கவே மாட்டார். விழுவார், வழி தவறுவார், கடைசி நொடியில் நின்றுவிடுவார். மைதானமே ஹம்பிக்காகத்தான் கத்தும். இவர் மறுபடியும் வருவார்.

படி 6: ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

விருப்பமிருந்தால் மட்டும். ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, பிறகு அவுட்ஃபீல்டில் இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து யார் யார் கை வழியாகப் போனது என்பதை எண்ணாக எழுதுவார்கள். 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாவது பேஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து முதல் பேஸுக்கு; இரண்டு பேர் அவுட். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே' எழுத்து. பேட்டர் மட்டையை அசைக்காமல் வேடிக்கை பார்த்து அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். மேரினர்ஸ் ஆட்டத்தில் இந்த எழுத்தை நிறைய எழுதுவீர்கள், கை பழகிவிடும்.

படி 7: மூடநம்பிக்கை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று போதும். 2022 பிளேஆஃபில் ஆயிரக்கணக்கானோர் ஷூவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரு ரசிகர் எட்சி என்ற இணையச் சந்தையில் சூனியக்காரி ஒருவருக்குக் காசு கொடுத்து அணிக்குப் பரிகாரம் செய்யச் சொன்னார். எங்கள் ஊரில் இந்த வேலை ஒரு எலுமிச்சம்பழத்தில் முடிந்திருக்கும். ஆனால் பலித்தது: தொடர்ந்து பத்து வெற்றி, மொத்தத்தில் 18 ஆட்டத்தில் 17. சூனியக்காரி படம் போட்ட சட்டைகள் மைதானம் முழுக்க. செப்டம்பர் 24 அன்று ராலி 60-ஆவது ஹோம் ரன்னை அடித்த அதே ஆட்டத்தில் பிரிவுப் பட்டமும் உறுதியானது. நான் பகுத்தறிவுக்காரன்தான். ஆனால் மேரினர்ஸ் முன்னிலையில் இருக்கும்போது என் மனைவி சோபாவில் இடம் மாற அனுமதி கிடையாது.

படி 8: கோடையைக் கடந்து செப்டம்பர் கணக்குக்கு வாருங்கள்

ஜூன், ஜூலையில் அணி படுத்துவிடும். இது வழக்கம். அந்த மாதங்களில் லீவு எடுத்து ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். ஜூலை கடைசியில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வரும்போது திரும்பினால் போதும். 2025-இல் அப்படி வந்த ஜாஷ் நேய்லர் பார்ப்பதற்கு ஓட்டக்காரரே இல்லை. லீக்கின் மெதுவான கால்களில் ஒன்று. ஆனால் சியாட்டிலுக்கு வந்து 19 முறை பேஸ் திருடினார், அதாவது பிட்சர் எறியும் நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடித்தார், ஒரு முறைகூட மாட்டவில்லை. வேகத்தை நம்பாமல் பிட்சரின் பழக்கத்தைப் படித்துத் திருடுகிறார். அவர் முதல் பேஸில் நிற்கும்போது போனைப் பார்க்காதீர்கள்.

செப்டம்பரில் தெரிந்திருக்க வேண்டிய சூத்திரம் "மேஜிக் நம்பர்": 163-இலிருந்து நம் வெற்றிகளையும், நம்மைத் துரத்துகிற அணியின் தோல்விகளையும் கழியுங்கள். அது பூஜ்யம் ஆனால் பட்டம் நமக்கு. ஆக ஒவ்வொரு இரவும் இரண்டு ஆட்டம் பார்க்க வேண்டும். நம்முடையதும், ஹூஸ்டன் தோற்கிறதா என்பதும். இரண்டாவதில் கிடைக்கும் சந்தோஷம் முதலாவதை மிஞ்சும் இரவுகள் உண்டு.

படி 9: அக்டோபரில் எப்படித் தோற்பது

2025 அக்டோபர் 10, டெட்ராய்டோடு ஆடிய பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். 15 இன்னிங்ஸ், ஐந்து மணி நேரம். கடைசியில் ஹோர்ஹே பொலாங்கோ ஒரு சிங்கிள் அடிக்க 3-2. அந்த இரவு ஆட்டத்தின் நடுவில்தான் ஹம்பி தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பந்தயத்தை ஜெயித்தார். மைதானம் அதிர்ந்ததைக் கேட்டவர்கள் ஏதோ பெரிய ஹோம் ரன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்தது டொராண்டோ, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கு வேர்ல்ட் சீரிஸ். முதல் இரண்டு ஆட்டமும் அவர்கள் ஊரிலேயே ஜெயித்தோம். சொந்த ஊரில் இரண்டு தோற்றோம். ஐந்தாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் ராலி சமன் செய்ய, யூஹெனியோ சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். இன்னும் ஒரே வெற்றி. ஆறாவது போனது. ஏழாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று முன்னிலை, வேர்ல்ட் சீரிஸுக்கு எட்டு அவுட் பாக்கி. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னோடு 4-3. முடிந்தது.

இதற்கு என் நடைமுறை: உடனே டிவியை அணைத்துவிட வேண்டும், எதிரணியின் கொண்டாட்டத்தைப் பார்க்கக் கூடாது. அன்றிரவு யாருக்கும் வாட்ஸ்அப் பதில் இல்லை. "ஒரு விளையாட்டுதானே" என்று சொல்லும் உறவினர்களை ஒரு வாரம் மியூட்டில் போடுங்கள். ஏன் அந்த நேரத்தில் அந்தப் பிட்சர் என்ற விவாதத்தில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். அது 2025-இல் ஆரம்பித்தது, எப்போது முடியும் என்று தெரியாது. மூன்றாம் நாள் ஃபெலிக்ஸின் பெர்ஃபெக்ட் கேமை முழுசாகப் போட்டுப் பாருங்கள். வேர்ல்ட் சீரிஸை வேண்டுமானால் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

படி 10: குளிர்காலம்

நவம்பர், டிசம்பர் யார் எந்த அணிக்குப் போவார் என்ற வதந்தி மாதங்கள். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று வரும் பத்துச் செய்தியில் ஒன்பது ஒன்றுமில்லாமல் போகும். கையெழுத்துப் போட்ட பிறகு படித்தால் போதும். பிப்ரவரி நடுவில் அரிசோனாவின் பியோரியாவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்து சேர்வார்கள். அங்கே ஆடும் ஆட்டங்களின் முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை, ஜெயித்தாலும் யாரிடமும் சொல்லாதீர்கள். ரேடியோ சந்தாவை அந்த வாரத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். ஏப்ரல், மே வார நாள் டிக்கெட்டுகளை மார்ச் தொடக்கத்தில் பாருங்கள், விலை குறைவாக இருக்கும். இந்தியாவிலிருந்து கேட்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அன்றிலிருந்துதான் சியாட்டிலுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம். போனில் இரண்டாவது கடிகாரமாக சியாட்டிலைச் சேர்த்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.